சிவப்புப் பக்கத்தைத் தாண்ட விடாத சர்வரக்கா

பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் ஒரு அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனில் மந்திரம் ஓதுகிறார் என்று ஒரு பேச்சு. சலவைக்காரர் காதால் கேட்டதாகச் சத்தியமே செய்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் போனேன்.

மாடிப்படிக்கு அடியில் அறை. மின்விசிறி சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றுகிறது. அந்த அம்மாளுக்கு ஒரு அட்டை விசிறி.

"மந்திரமா? அட போங்க சார்!" என்று சிரித்தார் சர்வரக்கா. ஆஸ்பத்திரியே அப்படித்தான் கூப்பிடுகிறது. வரவேற்பு மேஜையில் டைப் அடிக்கச் சேர்ந்தவர். சர்வரைக் கவனித்து வந்த ஆள் கோபித்துக்கொண்டு போனபோது, "கொஞ்ச நாள் பாத்துக்கங்கம்மா" என்று சாவியை இவரிடம் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

கிளை லேப்களின் பரிசோதனை முடிவுகள் இந்த சர்வருக்கு வருகின்றன. வழியில் எவரும் படிக்கவோ மாற்றவோ கூடாது. அதற்கு, அசல் சர்வர் இதுதான் என்று சொல்ல ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். சர்வரக்கா அதைத் தாமே தயாரித்துத் தாமே கையெழுத்தும் போடுகிறார். தன் கல்யாணத்துக்குத் தானே சாட்சி சொல்வது மாதிரி. பிரவுசர் நம்புமா? சிவப்பு எச்சரிக்கைப் பக்கம் காட்டும். 'பரவாயில்லை, தொடரு' என்று அமுக்கிவிட்டுப் போகிற ரகம் நாமெல்லாம். இவர் ஒவ்வொரு கிளைக்கும் ஃபோன் செய்து, சான்றிதழின் அடையாளமான நீண்ட எழுத்து வரிசையை வாசிப்பார். அங்கே திரையில் தெரிவதும் அதுவேதான் என்றால் மட்டும் ஏற்கலாம். மந்திரம் இவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பழைய சான்றிதழ் காலாவதியாகி, கிளைகளில் எல்லாம் சிவப்புப் பக்கம் வந்துவிட்டது. கெடு வைத்தவரும் அவரே, மறந்தவரும் அவரே. ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஒரு லாரி ஓட்டுநர். கிளை லேபிலிருந்து அவருடைய ரத்த முடிவு வந்தால்தான் கத்தியை எடுப்பார்கள். ஃபோனில் முடிவு சொல்லக் கூடாதென்பது சர்ஜனின் கண்டிப்பு.

மேனேஜர் ஓடி வந்தார். "தொடருன்னு ஒரு பட்டன் இருக்கேம்மா, அமுக்கச் சொல்லுங்க!"

"இன்னைக்கு அமுக்கினா பழகிடும் சார். நாளைக்கு எவனோ வச்ச சர்வரா இருந்தாலும் அமுக்குவாங்க."

புதிய சான்றிதழைச் சட்டென்று செய்துவிட்டார். சிக்கல், அந்த லேபில் ஃபோன் எடுக்கிறவர்: சர்வரக்காவின் ஓரகத்தி. "உன் புருஷன் குடுக்கற வாக்கைவிட என் பாஸ்வேர்டு கெட்டி" என்று ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் இவர் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மணி அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்த பிறகுதான் எடுத்தார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா? குரல் தெரியலையே."

"தெரிஞ்சதாலதானே இவ்வளவு நேரம் எடுக்கல! ஒரு உயிர் காத்துக்கிட்டிருக்குடி. வாசிக்கறேன், திரையைப் பாரு."

"முதல்ல மன்னிப்பு கேளு."

"கேக்கறேன், கடனா வச்சுக்க. ஏ, ஏழு, சைபர், எஃப்..."

ஓரகத்தி பல்லைக் கடித்தபடி, "ம்... மேல சொல்லு."

கடைசி எழுத்து வரை பொருந்தியது. முடிவு வந்தது, ஸ்ட்ரெச்சர் உள்ளே உருண்டது. ஓட்டுநர் பிழைத்து இன்று லாரியை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

தப்பான கதவைத் திறக்க மறுத்து, சரியான கதவுக்காக வீம்பை விட்டுப் பேசிய மனுஷியை எனக்குப் பிடித்துப்போனது. சலவைக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவருக்குத்தான் ஏமாற்றம்.

ஓரகத்தியையும் பார்த்தேன். "எழுத்தெல்லாம் சுத்தமாத்தான் சொன்னா" என்றார். "அந்த மன்னிப்பு மட்டும் இன்னும் வரலைங்க."