ஃபோல்டர் வேஷத்தில் ஒரு ஃபைல்

பாடியில் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், வால்வு பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனியில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலேறி, கொரட்டூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வருவேன். மெயில் பார்ப்பது, வரைபடங்களைப் பிரிண்ட் எடுத்து மெஷின்காரர்களிடம் கொடுப்பது எல்லாம் என் வேலை. ஆபீசில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, நாங்கள் பாகங்கள் அனுப்பும் ஆவடிக் கம்பெனியிலிருந்து முதலாளிக்கு போன் வந்தது. நாங்கள் கொடுத்த பென் டிரைவில் வைரஸ் இருக்கிறதாம். போனை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தவர் முகம் கறுத்திருந்தது.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சொன்னார்: "சார், கூட்டுற அம்மா தினமும் அந்தக் கம்ப்யூட்டர்லதான் போனைச் சார்ஜ் போடுறாங்க. நானே பாத்திருக்கேன்."

கூட்டுகிற அக்கா அப்போது தண்ணீர்க் கேனை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"சார்ஜுதான் சார் போட்டேன். எனுக்கு அதுல இன்னா தெரியும்?" என்றார்.

"தெரியாமத்தான் வந்திருக்கும். நாளையிலருந்து நீங்க வர வேணாம்," என்றார் முதலாளி. என்னிடம் திரும்பி, "கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆளைக் கூப்பிட்டு, அதுல இருக்கற மொத்தத்தையும் அழிச்சிடச் சொல்லும்மா," என்றார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க சார். என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் நெட் வயரைப் பிடுங்கினேன். பிறகு, மறைத்து வைத்த ஃபைல்களையும் காட்டும்படி கம்ப்யூட்டரில் மாற்றினேன். மங்கலாக ஏழெட்டு ஃபைல் எழுந்து வந்தன. பார்த்ததும் பயம் வரும். ஆனால் மறைந்திருப்பதெல்லாம் வைரஸ் இல்லை. சிலவற்றை விண்டோஸ் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறது, சில நாம் எக்செலைத் திறக்கும்போது தானாக முளைப்பவை. ஒவ்வொன்றாகப் பெயரைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வரைபடங்கள் இருந்த ஃபோல்டருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதே பெயரில் இரண்டு. ஒன்று மங்கல், ஒன்று பளிச்சென்று. இரண்டுக்கும் அதே மஞ்சள் படம். ஆனால் பளிச்சென்று இருந்ததற்கு எதிரே அதன் அளவு எழுதியிருந்தது. ஃபோல்டருக்கு அங்கே அளவு வராது. வகை என்ற இடத்தில் 'அப்ளிகேஷன்' என்று இருந்தது. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதன் பெயரையும் படத்தையும் மாட்டிக்கொண்டு ஒரு புரோகிராம் அங்கே உட்கார்ந்திருந்தது.

சந்தேகம் மட்டும் போதாது, நிச்சயம் வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு கோவை உண்டு. ஃபைலைத் திறக்காமலே, ஒரு வரிக் கட்டளை அடித்தால் கம்ப்யூட்டர் அதைச் சொல்லிவிடும். அந்தக் கோவையைக் கொடுத்தால், பல வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் அந்த ஃபைலைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும் தளமும் இருக்கிறது. நெட்டைப் பிடுங்கிவிட்டதால் என் போனில்தான் அடிக்க வேண்டும். வாசற்படி ஓரமாக நின்றிருந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இங்கிலீஷ் எழுத்து தெரியுமில்ல? ஒண்ணொண்ணா படிங்க."

அக்கா திரையில் விரல் வைத்துப் படித்தார். பாதியில் நிறுத்தி, "எஃப்புக்கு மேல எழுத்தே வர்லியேம்மா?" என்றார். அது உண்மைதான், அந்தக் கோவையில் 'ஏ' முதல் 'எஃப்' வரைதான் வரும். அதுவரை நானே அதைக் கவனித்ததில்லை.

முதல் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கோ ஓர் எழுத்துத் தவறியிருந்தது. மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை திரை முழுக்கச் சிவப்பு. பென் டிரைவ் வழியாகப் பரவும் 'புழு' வகை வைரஸ் என்று ஏறக்குறைய எல்லா நிறுவனமும் சொன்னது.

அடுத்து, அது எப்போது வந்தது என்று பார்த்தேன். போன புதன்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. அன்று அக்கா லீவு. தங்கை மகளுக்குக் காது குத்து என்று பூந்தமல்லி போயிருந்தார். வருகைப் பதிவேட்டிலும் அப்படியே இருந்தது.

அப்படியென்றால் யார்? அந்த நாளை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். அன்று மெஷின் சர்வீசுக்கு வந்த இன்ஜினியர், ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஒரு பென் டிரைவ் கொடுத்தார். அதை வாங்கிச் செருகியது நான். உள்ளே ஃபோல்டர் மாதிரி இருந்ததை இரண்டு தட்டுத் தட்டித் திறந்ததும் நான்.

இன்ஜினியர் பெயரோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முதலாளி அறைக்குப் போய், சூப்பர்வைசரும் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரு செருகினது, நீயா?"

"ஆமா சார். பென் டிரைவ் அவருது, கை என்னுது."

அவர் பேனா மூடியைத் திருகி மூடினார். "வரைபடமெல்லாம்?"

"பத்திரமா இருக்கு சார். மறைச்சுத்தான் வச்சிருக்கு. ஒண்ணொண்ணா சோதிச்சு வேற டிஸ்க்ல எடுத்துடறேன். அப்புறம் அழிக்கலாம்."

அவர் எழுந்து வெளியே வந்து, அக்காவிடம், "நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் சூப்பர்வைசர் காதில் விழும்படி சொன்னார்.

கை கழுவும் இடத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "உன் பேர ஏன்மா சொல்லிக்கின? கம்முனு இருந்திருக்கலாமில்ல."

"நான் மறைச்சிருந்தா, உங்க மேல சந்தேகம் முழுசாப் போயிருக்காதே அக்கா."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையால் என் கையை அழுத்திவிட்டுப் போனார்.

வரைபடங்களை எடுத்து முடிக்க இரண்டு நாள் ஆனது. ஒன்றுகூடத் தொலையவில்லை. வியாழக்கிழமை ஆவடிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து போன் வந்தது. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் முதலாளி பேசியது எனக்குக் கேட்டது.

"இல்ல சார், வெளியாளைக் கூப்பிடல. எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க. அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. என்ன ஃபைலு, என்னிக்கு வந்துச்சு, எப்படி வந்துச்சு, எல்லாம் அவங்களே சொல்லுவாங்க. இருங்க, குடுக்கறேன்."

போனை வாங்கி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் இருந்தவர் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் குறித்துக்கொண்டார்.