இரண்டு பானையிலும் ஒரு கரண்டி

மெர்ல் பெல்கி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். செனட்டர் லோர்னா விட்கம் தேர்தலில் நிற்கும்போதெல்லாம் ஊர் முழுக்க அவருடைய பெயர்ப் பலகையை நடுவது இவர்தான். தன் வீட்டு வாசலில் மட்டும் நட முடியவில்லை, மனைவி தெல்மா விடவில்லை. "வீட்டுக்குள்ள ஒரு ஓட்டு தேறல, நான் ஊருக்குப் பிரச்சாரம் பண்றேன்" என்று டோனட் கடையில் தானே சொல்லிச் சிரிப்பார், வேறு யாராவது சொல்வதற்குள்.

லோர்னா நடுநிலைக்காரர். சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அவர் துரோகி, எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வேஷக்காரி. எந்த மசோதா வந்தாலும் முதலில் "கவலையாக இருக்கிறது" என்று அறிக்கை விடுவார். அந்தக் கவலையைக் கேட்டாலே தெல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மெர்லுக்கோ ஆறுதலாக இருக்கும். அவருக்கும் பிறந்ததிலிருந்து எந்தப் பக்கமும் சாயத் தெரியாது. இந்தக் கோழைத்தனத்துக்கு நிதானம் என்று ஒரு கௌரவமான பெயர் இருப்பதே லோர்னாவைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

இந்த முறை போட்டி இழுபறி. லோர்னா தோற்றுவிடுவாரோ என்று மெர்லுக்குப் பயம். தெல்மாவின் ஒரு ஓட்டுக்காக மாதக்கணக்கில் பாத்திரமெல்லாம் தேய்த்துப் பார்த்தார்.

"சும்மா நச்சரிக்காத" என்றாள் தெல்மா கடைசியில். "சனிக்கிழமை சர்ச் பீன்ஸ் விருந்துக்கு அவ வர்றால்ல? ஒரே ஒரு கேள்வி கேப்பேன். வழவழா கொழகொழான்னு பேசாம நேரா பதில் சொன்னா, என் ஓட்டு அவளுக்கு."

என்ன கேள்வி என்று மெர்லுக்குத் தெரியாதா? அந்த விருந்தில் இரண்டு பானை உண்டு. மஞ்சள் பானையில் தெல்மா சமைத்த பெரிய பீன்ஸ் கொட்டை. நீலப் பானையில் மெர்லின் அக்கா பர்னிஸ் சமைத்த சின்ன வெள்ளை பீன்ஸ். ஊரே இரண்டாகப் பிரிந்து, எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மெர்ல், வருஷா வருஷம் சிவப்பு ஹாட் டாக்கை மட்டும் தின்றுவிட்டு வருவார்.

லோர்னா காரை விட்டு இறங்கியதுமே மெர்ல் ஓடிப்போய்க் காதில் ஓதினார். "மஞ்சப் பானை மேடம். யார் என்ன கேட்டாலும் மஞ்சப் பானைதான்."

"புரிஞ்சுது மெர்ல்" என்றார் லோர்னா.

தெல்மா கரண்டியோடு நின்றாள். "எது வேணும் செனட்டர்? எது ஒசத்தி?"

லோர்னா இந்த மேசையைப் பார்த்தார், அந்த மேசையைப் பார்த்தார். இரண்டிலும் ஓட்டு இருந்தது. "ரெண்டுமே பிரமாதம்! ரெண்டுலயும் ஒரு கரண்டி வைங்க."

"கலந்து திங்கிறதுக்கு இது என்ன பன்னித் தீனியா?" என்று பர்னிஸ் கத்தினாள். இரண்டு மேசைகளும் ஒன்றாகச் சேர்ந்து முனகியது அன்றைக்குத்தான்.

மெர்லுக்குப் பொறுக்கவில்லை, குறுக்கே புகுந்தார். "அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு..."

"வாடா தம்பி! அப்ப நீ சொல்லு, எது ஒசத்தி?" என்றாள் பர்னிஸ்.

"அது வந்து அக்கா... ஒரு விதத்துல பார்த்தா..."

கூடம் முழுக்கச் சிரித்தது, மெர்லும் சேர்ந்து சிரித்தார். தெல்மா சிரிக்கவில்லை.

தேர்தல் நாளன்று வாக்குப்பதிவும் அதே சர்ச் கூடத்தில்தான். தெல்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ட்ரக்கில் ஏறினாள்.

"யாருக்குப் போட்ட?"

"வீட்டுல ஒண்ணை வச்சுக்கிட்டே முப்பது வருஷம் மாரடிச்சாச்சு மெர்ல். வாஷிங்டன்ல வேற எதுக்கு இன்னொண்ணு?"

அவரே சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய பேச்சுதான். அவள் வாயிலிருந்து வந்தபோது சுருக்கென்று தைத்தது. ஊரில் நட்ட அத்தனை பலகையும் வீண் என்று தோன்றியது. ட்ரக்கின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "உன்னோடதுதான் தெல்மா. உன் பீன்ஸ்தான் எனக்குப் பிடிக்கும்" என்றார்.

தெல்மா அவரை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அதோ உங்கக்கா வர்றா. அவ காதுல விழற மாதிரி சொல்லு."

பர்னிஸ் கையை ஆட்டிக்கொண்டே ட்ரக்கை நோக்கி வந்தாள். மெர்ல் வண்டியைக் கிளப்பினார்.