அலங்காநல்லூர் வரை தாய்மாமன் மடியில்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய அன்றே நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. எனவே பாதுகாப்பு விஷயத்தில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பது வீட்டாரின் ஏகமனதான முடிவு. முன்பக்க இடது கதவு மட்டும் சரியாகப் பிடிக்காது. தூக்கி ஓங்கி அறைந்தால் நிற்கும். அதற்கே தோன்றினால் திறந்தும் கொள்ளும். மெக்கானிக்கிடம் காட்டலாமே என்று நான் கேட்கும்போதெல்லாம் கணவர் "காட்டுவோம்" என்பார்.

ஒன்றரை வயது மகளுக்குக் காது குத்த, மதுரை கோச்சடையிலிருந்து அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலுக்குக் கிளம்பினோம். பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நான்கு, பொங்கல் பானை ஒன்று. குழந்தையை நான் பின்சீட்டில் நடுவில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதுதான் தாமதம், என் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும், அது முறை. அண்ணன் அந்த முறையை எங்கள் வாசலிலிருந்தே தொடங்கிவிட்டார். முன்சீட்டில், அதே கதவை ஒட்டி, பட்டு வேட்டியோடு உட்கார்ந்து கைகளை நீட்டினார்.

"அண்ணே, அந்தக் கதவு சரியில்லண்ணே. பிள்ள என்கிட்ட இருக்கட்டும்."

"ஏந்த்தா, என் மருமகளப் பிடிச்சுக்க எனக்குத் தெரியாதா? அப்ப நான் எதுக்கு? நீங்களே போய்க் குத்திக்கங்க."

தாய்மாமன் கோபித்து இறங்கிவிட்டால் விசேஷமே கிடையாது. கணவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "கதவுல மட்டும் சாயாதீக மச்சான், அம்புட்டுத்தான்" என்று பிரச்சினையைத் தீர்த்து வைத்தார். நானும் பிள்ளையைக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அண்ணனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே கையை விட்டு, மகளின் கவுனுக்குள் இருந்த அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காரில் பெல்ட் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த என் நாத்தனார் சிரித்தார். "கன்னுக்குட்டியவா புடிச்சிட்டு வார?"

ஊர் நெருங்கும்போது வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் எதிரே எங்கள் பக்கமாகவே ஒரு மாட்டுவண்டி வந்தது. கணவர் வலப்பக்கம் ஒடித்து பிரேக் போட்டார். கதவு திறந்துகொண்டது. அண்ணன் இரண்டு கைகளாலும் முன்னால் இருந்த பலகையைப் பிடித்தார். இரண்டு கைகளாலும். மகள் மடியிலிருந்து வெளியே சரிந்தாள். கயிறு என் விரல்களை அறுத்தது. கார் நிற்கும்வரை அவளுடைய தலைக்குக் கீழே தார் ரோடு ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அவளைத் தூக்கி மடியில் வைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் மடிய விட்டு எங்க போயிரும்?" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கணவர் இறங்கி வந்து கதவைத் தூக்கி ஓங்கி அறைந்தார். பயணம் தொடர்ந்தது. அண்ணன் பிள்ளையைக் காப்பாற்றிய கதை எங்களுக்கு முன்பே கோயிலில் இறங்கிவிட்டது.

காது குத்துவதற்கு முன் புதுச் சட்டை போட மகளின் கவுனைக் கழற்றினார் நாத்தனார். இடுப்பைச் சுற்றிச் செக்கச்செவேலென்று தடிப்பு.

"அடிப்பாவி, இம்புட்டு இறுக்கியா கயிறு கட்டுவ? பச்சப்பிள்ளைக்கு வலிக்காதா?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. பிள்ளையின் வலி பொறுக்காமல் அழுகிறாள் என்று தேற்றினார்கள்.

காது குத்தி, சாப்பாடு முடிந்ததும் அண்ணன் முன்சீட்டில் ஏறி மறுபடி கைகளை நீட்டினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். அண்ணன் அதற்குப் பிறகு மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் உட்கார இடமில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுரை வரை நின்றே வந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் போனதில்லை.