காளைண்ணே, ஒன்ஸ் மோர்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நிஜமாக நடந்தது. மதுரை ஆனையூரில், போன வருடம் ஐப்பசி மாதம், பட்டப்பகலில். பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், வெள்ளைச் சேலை என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு எங்காவது போய்ப் பயந்துகொள்ளட்டும். சம்பந்தப்பட்ட ஆள் இன்னும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்.

‘கருங்கல்’ என்று ஒரு ராக் பேண்ட். ராக் என்றால் கல்தானே என்று தொண்ணூற்று நாலில் ஏதோ டீக்கடையில் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. ஆரம்பித்தவர் டிரம்ஸ் வாசிக்கும் தமிழ்மாறன். முதல் ஏழு வருடம் பாடியவர் காளை. எழுமலைக்காரர், விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. 2001-ல் திடீரென்று, இனிப் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊரோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் நம்ம ஸ்ரீகுமார்.

இருபத்து மூன்று வருடம் பாடியாயிற்று. முறைப்படி பாட்டுக் கற்றவர், சுருதி நூல் பிடித்த மாதிரி நிற்கும். என்ன பிரயோஜனம்? யூடியூபில் எந்த வீடியோவைத் திறந்தாலும் கீழே எவனாவது ஒருத்தன், ‘காளை அண்ணன் காலம் மாதிரி வருமா’ என்று எழுதியிருப்பான். அதைப் படிக்கும்போதெல்லாம் ஸ்ரீகுமாருக்கு வயிறு எரியும். எரியும் என்றால் சும்மா இல்லை, அன்றைக்குச் சோறு இறங்காது.

முப்பதாவது ஆண்டு விழா வந்தது. பழைய கச்சேரி வீடியோக்களை வருட வாரியாகக் கோத்து ஒரு மணி நேரப் படம் போடுவது என்று முடிவாயிற்று. ஸ்ரீகுமாருக்குப் பிழைப்பே கல்யாண வீடியோ எடிட்டிங்தான், வீட்டு மாடியிலேயே ரூம் போட்டிருந்தார். வேலை அவர் தலையில் விழுந்தது. தமிழ்மாறன் ஒரு சாக்கு நிறையக் கேசட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்.

“மாப்ள, விழாவுக்குக் காளையையும் மேடையேத்தணும்.”

“எதுக்குண்ணே?”

“எதுக்கா? அவன் இல்லாம கருங்கல் ஏதுடா?”

ஸ்ரீகுமாருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மேடையேறினால் பாடச் சொல்லுவார்கள். காளை ஒரே ஒரு பாட்டுப் பாடினால் போதும், சனம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் இவர் யார்? இருபத்து மூன்று வருடமும் சும்மா இடம் பார்த்துக்கொண்ட ஆள், அவ்வளவுதானே! அப்போதே முடிவு கட்டினார். படத்தில் காளைக்கு ஐந்து நிமிடம். மிச்சம் ஐம்பத்தைந்தும் தனக்கு.

வியாழக்கிழமை. மதியம் 1.50. மனைவி மைத்ரேயி டீச்சர், பள்ளிக்கூடத்தில் இருந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

1996 கேசட்டைப் போட்டார். கோடு விழுந்த படம். தமிழ்மாறனுக்குத் தோள் வரை முடி. காளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். அடடா, என்ன கூச்சல்! சுருதி எங்கேயோ போகிறது, ஒருத்தனுக்கும் கவலையில்லை. “பாடத் தெரியாத பயலுக்கு எம்புட்டுக் கூட்டம்!” என்று ஸ்ரீகுமார் வாய்விட்டே சொன்னார்.

2.05. காளையின் கடைசிக் கச்சேரி. 2001, ஒரு கல்லூரி விழா, நல்ல வெயில். பாட்டு முடிகிறது. கூட்டத்தில் ஒரு இளவட்டக் குரல் தனியாகக் கேட்கிறது.

“காளைண்ணே... ஒன்ஸ் மோர்!”

காளை சிரித்துக்கொண்டே கையை உயர்த்துகிறார். அதோடு டேப் நின்றுவிடுகிறது. பாதியில்.

ஸ்ரீகுமார் அடுத்ததற்குப் போனார். 2005. இனி அவருடைய காலம். புது ஸ்பீக்கர்கள், புது சட்டை, படமும் தெளிவு. பாட்டு முடிந்தது.

“காளைண்ணே... ஒன்ஸ் மோர்!”

கை அப்படியே நின்றது. தான் பாடிய பாட்டுக்கு அவன் பெயரா? அன்றைக்கு மேடையில் இப்படி யாரும் கத்தியதாக நினைவே இல்லை. கத்தியிருந்தால் மறக்கிற ஆளா அவர்!

2.17. 2013 வீடியோ. தமிழ்மாறனுக்கு முடி போய்த் தொப்பி வந்திருந்தது. பாட்டு முடிந்தது. அதே குரல். பன்னிரண்டு வருடத்தில் கொஞ்சம்கூட வயசாகாத குரல். முன்பைவிடப் பக்கத்தில் கேட்டது.

2.26. 2019. பாட்டு முடிந்தது. இந்தத் தடவை மைக்குக்கு அருகிலேயே நின்று கத்துகிற மாதிரி...

போனை எடுத்தார்.

“தமிழண்ணே, 2019-ல கூட்டத்துப் பக்கம் மைக் வச்சமா?”

“இல்லடா மாப்ள. மழைத் தூத்தல் போடுதுன்னு எடுத்துட்டமே. உன் மைக்கும் வாத்தியமும் மட்டுந்தான் ரெக்கார்டு.”

அப்படியானால் கூட்டத்தின் சத்தமே அதில் இருக்கக் கூடாது. இல்லைதான், கைதட்டல்கூட இல்லை. அந்த ஒரு குரல் மட்டும் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே மெஷினை அணைத்துவிட்டுக் கீழே ஓடியிருப்பார்கள். ஸ்ரீகுமாருக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது. என் பாட்டு, என் வேர்வை, பேர் மட்டும் அவனுக்கா? இருக்கட்டும் பார்ப்போம் என்று பல்லைக் கடித்தார்.

2.34. ‘காளைண்ணே’ என்ற துண்டை வெட்டி எடுத்தார். மைக்கை இழுத்து வைத்து, குரலை இளசாக்கி, தானே கத்தினார். வெட்கம்கெட்ட வேலைதான், என்ன செய்ய!

“ஸ்ரீகுமாரண்ணே!”

அதை வெட்டின இடத்தில் ஒட்டினார்.

2.39. ஓட்டிப் பார்த்தார். திரையில் அவர் பாடி முடித்தார்.

“ஸ்ரீகுமாரண்ணே... ஒன்ஸ் மோர்!”

சிரிப்பு வந்தது. கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

அது அவர் குரல் இல்லை.

ஒட்டிய துண்டைத் தனியாக ஓட்டினார். அந்த இளவட்டக் குரலேதான். அவர் பெயரைச் சொன்னது. பழகின பெயரைச் சொல்கிற மாதிரி.

2.40. படத்தை நிறுத்தினார். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

“ஸ்ரீகுமாரண்ணே...”

மாடிப்படியில்.

“ஸ்ரீகுமாரண்ணே...”

கதவுக்கு வெளியே. கதவு சாத்தித்தான் இருந்தது.

“ஸ்ரீகுமாரண்ணே...”

நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“ஒன்ஸ் மோர்.”

பாடினார். அதே பாட்டை, முதல் வரியிலிருந்து. முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் கைதட்டல். டப்... டப்... டப்... மறுபடியும் “ஒன்ஸ் மோர்.” மறுபடியும் பாடினார்.

ஒரு விஷயத்தை அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். அத்தனை பயத்துக்கும் நடுவே, மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்ததாம். கடைசியில் ஒருத்தன் தன் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டானே என்று.

மாலை 4.35-க்கு மைத்ரேயி வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“மேல வேற யாரு இருக்கா? கைதட்டுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது.”

மறுநாள் காலை 7.20. புது நம்பரிலிருந்து போன்.

“தம்பி, எழுமலையிலருந்து அன்னக்கொடி பேசுறேன். காளை வீட்டுக்காரி.”

“சொல்லுங்க மதினி.”

“விழாவுக்கு அவரு வாராராம். சொல்லச் சொன்னாரு.”

“போனை அண்ணன்கிட்டக் குடுங்க மதினி, பேசுறேன்.”



“உங்களுக்குத் தெரியாதா தம்பி? அவருக்குத் தொண்டையில புத்துநோய் வந்து குரல்வளையையே எடுத்தாச்சு. பதினஞ்சு வருசமாச்சு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு, தமிழண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். இப்பக்கூட எழுதித்தான் காமிச்சாரு.”

ஸ்ரீகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழ்மாறன் மேடையேற்றச் சொன்னது பாடுவதற்கு இல்லை, ஒரு சால்வை போர்த்துவதற்கு. பாடவே முடியாத ஒரு மனுஷனைப் பார்த்து இத்தனை வருடம் வயிறு எரிந்திருக்கிறார்.

“அப்ப... 2001-ல எதுக்கு மதினி பாட்டை விட்டாரு?”

“அந்தக் காலேஜ் கச்சேரிதான் தம்பி. ஒரு பய லைட்டுக் கம்பத்துல ஏறி நின்னு ஒன்ஸ் மோர்னு கத்தியிருக்கான். இவரு சரின்னு கையைத் தூக்கவும், அவன் சந்தோசத்துல ரெண்டு கையையும் விட்டுத் தட்டிட்டான். விழுந்து அங்கனயே போயிட்டான். மறுநாள்லருந்து மத்தியானமானா எங்க வாசல்ல வந்து கூப்பிட ஆரம்பிச்சான். பொழுது சாயுற வரைக்கும் பாடுனா போயிருவான். தொண்டை போனப்புறம் எங்கிட்டுப் பாட? அவனும் போகல. ராவும் பகலும் வாசல்லயே நின்னு கத்திக்கிட்டிருந்தான், பதினஞ்சு வருசமா.”

ஸ்ரீகுமார் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து ரெண்டு நாப்பதுக்குப் போயிட்டான் தம்பி. ராத்திரிதான் நாங்க நிம்மதியாத் தூங்குனோம்.”

“எங்க... போனான்?”

“தெரியல. வேற ஆளு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே நடந்து போனான்.”

“யாரு பேரை மதினி?”

 

“தொண்டையைப் பத்திரமாப் பாத்துக்கங்க, தம்பி” என்றார் அன்னக்கொடி. போனை வைத்துவிட்டார்.