எந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பது

எழுபதுகளின் கடைசியில் கொச்சியில் பள்ளிக்கூட நாடகம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் பதினொரு பேர் ஒரு கூட்டமாக இருந்தோம். சங்கம் என்று பெயர் வைத்தால் யாராவது தலைவராகிவிடுவார்கள் என்று பயந்து, கூட்டம் என்றே விட்டுவிட்டோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒவ்வொரு தடவையும் ஒருவருடைய பள்ளியில் கூடுவோம். எங்களில் யாரும் நாடகம் படித்தவர்கள் இல்லை. ஒருவர் கணக்கு, ஒருவர் டிரில், ஒருவர் தையல். ஆண்டு விழா நெருங்கும்போது ஹெட்மாஸ்டர் கண்ணில் பட்டுத் தொலைத்தவர்கள், அவ்வளவுதான்.

நான் தமிழ் வாத்தியார். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியின் சுக்கு மூட்டைக் கிடங்குகளுக்கு நடுவே எங்கள் பள்ளி. ஒருநாள் ஆசிரியர் அறையில் ஹெட்மாஸ்டர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்கள். திரும்பினால் அவரே வாசலில் நிற்கிறார். "நடிப்பு வருது போல, இந்த வருஷம் நாடகத்தை நீங்களே பார்த்துக்குங்க" என்றார். அது நடந்து பதினாறு வருஷமாக அந்தத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரைச் சேர்த்து மாஷ் அல்லது டீச்சர் என்பதோடு சரி. நான் மட்டாஞ்சேரி மாஷ். கூட்டத்தை ஆரம்பித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் மட்டும் ஊர் இல்லாமல் பெரிய மாஷ். பேச்செல்லாம் மலையாளத்தில்தான் நடந்தது. இங்கே என் வசதிக்குத் தமிழில் எழுதுகிறேன். என் மலையாளத்தைக் கேட்டவர்களுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

பெரிய மாஷ் வைத்த வழக்கம் இது. யார் பள்ளியில் கூடுகிறோமோ அவருடைய பிள்ளைகள் பத்து நிமிஷம் ஒத்திகை நடத்திக் காட்டுவார்கள். வேஷம், சாயம் எதுவும் கிடையாது. பார்த்தவர்கள் நல்லது கெட்டது சொல்லக்கூடாது. பார்த்ததை மட்டும் சொல்லலாம். பிடித்த உத்தியை யாரும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, இன்னாரிடமிருந்து எடுத்தேன் என்று சொல்லிவிடவேண்டும். வருஷத்தின் கடைசிக் கூட்டம் மார்ச்சில். அன்றைக்கு ஒவ்வொருவரும் எழுந்து, அந்த வருஷம் யாரிடமிருந்து அதிகம் எடுத்தாரோ அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். யார் நாற்காலிக்குப் பின்னால் அதிகம் பேர் நிற்கிறார்களோ அவர்தான் கோடை விடுமுறையில் மூன்று நாள் ஆசிரியர் முகாமை நடத்துவார்.

எனக்கு அந்த முகாம் வேண்டும். ஆசைப்பட்டேன் என்று எழுதினால் பொய். பல்வலிக்காரன் கிராம்பைத் தேடுவதுபோல அலைந்தேன். பதினாறு வருஷமாக எல்லாரும் என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுகிறவர்கள் முன்னால் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. மூன்று நாள், பல பள்ளிகளிலிருந்தும் வருகிற நாற்பது வாத்தியார்கள் முன்னால், நான் சொல்வது வேடிக்கைக்கு இல்லை என்று நிற்கவேண்டும். முந்தின வருஷம் பள்ளுருத்தி மாஷுக்குப் போய்விட்டது. இந்த வருஷம் என் முறை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

ஜூனில் திருப்பூணித்துறை டீச்சர் வந்து சேர்ந்தார்.

என்னைவிடப் பத்து வயது சின்னவர். படகு, பஸ் எல்லாம் மாறி வந்தாலும் கைத்தறிச் சேலை அப்போதுதான் மடிப்பிலிருந்து எடுத்ததுபோல இருக்கும். என் வேட்டி மட்டாஞ்சேரிப் படகுத்துறையைத் தாண்டுவதற்குள் கசங்கி அழுதுவிடும். அவர் பேசுகிற மலையாளம் ராஜாக்கள் இருந்த ஊருக்கே உரியது. வார்த்தைகள் குளித்துவிட்டு வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவர் ஒரு தமாஷும் சொல்லாமல் பேசினார், பத்துப் பேரும் கேட்டார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூலைக் கூட்டம் அவருடைய பள்ளியில். நாங்களெல்லாம் ஒத்திகையின்போது மேடை ஓரத்தில் நோட்டோடு நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர்கள். பிள்ளைகள் பாதி முகத்தை ஜனங்களுக்கும் பாதி முகத்தை எங்களுக்கும் காட்டி நடிப்பார்கள். இவரோ நேரே ஹாலின் கடைசி வரிசைக்குப் போய், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வசனம் காதில் விழாவிட்டால் கையைத் தூக்குவார், திரும்ப மாட்டார். மேடையில் இருக்கிற பிள்ளை அதே வசனத்தை மறுபடி சொல்லவேண்டும். கத்தினாலும் கை இறங்காது. தெளிவாகச் சொன்னால்தான் இறங்கும். பத்து நிமிஷத்தில் அந்த ஹாலில் ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை.

திரும்பி வரும்போது படகில் பள்ளுருத்தி மாஷிடம், "முதுகால பாடம் நடத்தறதை இன்னைக்குத்தான் பார்த்தேன், மாஷே" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திங்கட்கிழமை காலை எங்கள் ஹாலின் கடைசி வரிசையில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

வேலை செய்தது. அதுதான் பெரிய துயரம். இரண்டே வாரத்தில் என் பிள்ளைகள் மேடை ஓரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவர்கள் குரல் தெளியத் தெளிய எனக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் பழகிப் பார்த்தேன். மனைவி அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். நான் திரும்பாமல் கையைத் தூக்கினேன்.

"என்னங்க, சுளுக்கா?"

"கேக்கலை. மறுபடி சொல்லு."

"கேக்காத மாதிரி நீங்க இருபது வருஷமா இருக்கீங்க. கைதான் புதுசு."

ஆகஸ்ட் கூட்டத்தில் பெரிய மாஷ் வழக்கம்போல, "யார் யார் என்ன எடுத்தீங்க?" என்றார். மூன்று பேர் எழுந்து டீச்சரிடமிருந்து எடுத்ததாகச் சொன்னார்கள். நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அது ஓடவில்லை. செப்டம்பரில் மூக்குக்கண்ணாடி துடைத்தேன். அப்புறம் மாதாமாதம் துடைத்துத் துடைத்து, மார்ச் வருவதற்குள் அந்தக் கண்ணாடியில் சிங்கப்பூர் தெரிந்தது.

கடைசிக் கூட்டம் எங்கள் பள்ளியில். முந்தின நாள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "நாளைக்கு நான் பழையபடி ஓரத்துல நின்னு எடுத்துக் குடுப்பேன்" என்றேன்.

"எதுக்கு மாஷே?" என்றாள் மாஜிஸ்டிரேட்டாக நடித்த பெண்.

"ஒரு மாத்தத்துக்கு."

"எங்களுக்கு வேண்டாமே."

"எனக்கு வேணும்" என்றேன். அந்த வருஷம் நான் பேசிய ஒரே உண்மை அது.

நாங்களே கட்டிய நாடகம். கிடங்கில் மிளகு குறைந்ததற்காக ஒரு எலிமேல் வழக்கு. மறுநாள் நான் நோட்டோடு ஓரத்தில் நின்றேன். பிள்ளைகள் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. கடைசி வரிசையையே பார்த்து நடித்தார்கள். அங்கே இடுப்பு வலிக்காகச் சாய்ந்து உட்கார வசதி தேடி பெரிய மாஷ் தனியாக இருந்தார். மாஜிஸ்டிரேட், "எலி எந்த வழியாக உள்ளே வந்தது?" என்று கேட்டாள். சரியாக அப்போது பெரிய மாஷ் ஜன்னலுக்கு வெளியே போன பியூனைப் பார்த்து, சாயா கொண்டுவரச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

மாஜிஸ்டிரேட் நிறுத்தினாள். "எலி எந்த வழியாக உள்ளே வந்தது?" என்று மறுபடி கேட்டாள்.

பியூன் கவனிக்கவில்லை. பெரிய மாஷ் கையை இன்னும் உயர்த்தினார்.

"எலி! எந்த வழியாக! உள்ளே வந்தது!"

தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று பெரிய மாஷுக்கு இப்போதுதான் புரிந்தது. "ஐயோ, நான் சாயாவுக்குச் சொன்னேன் மோளே" என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். இரண்டு கை என்றால் என்ன அர்த்தம் என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்கள் சற்று யோசித்தார்கள். வக்கீல், சாட்சி, போலீஸ், எலி உட்பட மொத்தக் கோர்ட்டும் ஒரே குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, "எலி எந்த வழியாக உள்ளே வந்தது?" என்று கேட்டது.

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. பள்ளுருத்தி மாஷ் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். ஆயுசு முழுக்க ஜனங்களைச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்குத்தான் சிரிப்புக்கு அந்தப் பக்கம் எவ்வளவு வெக்கையாக இருக்கும் என்று தெரிந்தது. திருப்பூணித்துறை டீச்சர் சிரிக்கவில்லை. மேடையைப் பார்த்தார், கடைசி வரிசையைப் பார்த்தார், ஓரத்தில் நோட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

சாயா வந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். பெரிய மாஷுக்கு இதில் பங்கு கிடையாது, நடத்துவது மட்டும். மூத்தவர்களிலிருந்து எழ ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்குக் கடைசியாக வந்தவர் என்பதால் டீச்சர் கடைசிக்கு முந்தி. இடம் கொடுத்தவன் என்பதால் நான் கடைசி. மூன்று பேர் என் பின்னால் வந்து நின்றார்கள். நாலு பேர் டீச்சருக்குப் பின்னால். தையல் டீச்சர் மட்டும் பள்ளுருத்தி மாஷுக்குப் பின்னால் போனார். என் மனசு கணக்குப் போட்டது: டீச்சர் வேறு யாரிடமோ போவார், நான் யாரிடம் போனாலும் பிரயோசனமில்லை, தோற்றேன்.

டீச்சர் எழுந்தார். நேராக நடந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"வசனம் மறந்துபோனா முழிக்காதே, எதிர்ல நிக்கிறவனை அதட்டு, 'நீ என்ன சொன்னே, திருப்பிச் சொல்லு'ன்னு கேளுன்னு மட்டாஞ்சேரி மாஷ் அக்டோபர்ல சொன்னார்" என்றார். "அது வந்தப்புறம் என் பிள்ளைகளுக்கு மேடை பயம் போயிடுச்சு."

நாலுக்கு நாலு. என் ஒரு கால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் முகாம். நான் பள்ளுருத்தி மாஷுக்குப் பின்னால் போய் நின்றால் சமம். சமமானால் பெரிய மாஷ் மூத்தவருக்குக் கொடுப்பார். மூத்தவன் நான். இதையெல்லாம் எழுந்திருப்பதற்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் இவ்வளவு வேகமாக நான் எதையும் யோசித்ததில்லை.

என் உள்ளம் நெகிழ்ந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நெகிழவில்லை. இது கண்ணி என்றுதான் தோன்றியது. எல்லாம் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே வந்து நிற்கிறாள், நான் பள்ளுருத்தி பக்கம் ஒரு அடி வைத்ததும், 'அப்ப அந்த எலி, மாஷே?' என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். பள்ளுருத்தி மாஷின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற தையல் டீச்சர் நான் வருவதற்கு இடம் விட்டு நகர்ந்தார். நான் பாதி வட்டம் நடந்து அவரை நெருங்கினேன், தாண்டினேன், டீச்சருடைய காலி நாற்காலிக்குப் பின்னால் போய் ஐந்தாவது ஆளாக நின்றேன். என் நேர்மையின் முழு வரலாறு இவ்வளவுதான்.

"என்ன எடுத்தீங்க, மாஷே?" என்றார் பெரிய மாஷ். கேட்கவேண்டியது வழக்கம்.

"முதுகு" என்றேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. "ஜூலையிலேர்ந்து. எட்டு மாசமா. சொல்லலை" என்று சேர்த்தேன். குரல் கடைசி வரிசைக்குப் போயிருக்காது.

வெளியே வரும்போது டீச்சர் என்னிடம், "நீங்க பள்ளுருத்தி மாஷ்கிட்ட போவீங்கன்னுதான் நினைச்சேன்" என்றார்.

"போயிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"எதை?"

கண்ணி எதுவும் இருந்திருக்கவில்லை. அவர் வெறுமனே உண்மையைச் சொல்லிவிட்டுப் போய் நின்றிருக்கிறார். ஒரு மனுஷியிடம் பொறாமைப்பட இத்தனை விஷயம் இருந்தது போதாதென்று இதையும் சேர்த்துக்கொள்ளவேண்டியதாயிற்று.

"முகாம்ல இரண்டாம் நாள் காலைல ஒரு மணி நேரம் நீங்க எடுக்கணும். மறதி பத்தி" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க ஆரம்பிப்பதற்குள், "சரி" என்றும் சொல்லிவிட்டேன்.

மே மாதம், திருப்பூணித்துறை. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை மாசம் தயார் செய்தேன். தமாஷ்களை எல்லாம் வெட்டினேன். நாலு மட்டும் என்னையும் மீறித் தப்பித்துக்கொண்டன. நாற்பது வாத்தியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசப் பேச அவர்கள் குனிந்து நோட்டில் எழுதினார்கள். பேச்சை நிறுத்தி, தண்ணீர் குடிப்பதுபோலத் தம்ளரை எடுத்து, அதன் விளிம்புக்கு மேலாக எண்ணினேன். முப்பத்தாறு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் அவர் வகுப்பில் எண்ணியிருந்தேன். முப்பத்தொன்பது.

அவருக்கு எழுதி எனக்கு எழுதாத அந்த மூன்று பேர் யார் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஒருவர் பேனா கொண்டுவரவில்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை.