பெயர் வெட்டிய டம்ளர்

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. கல்கத்தாவில் முப்பது வருஷமாக வங்கி வேலை, ஒரு கையெழுத்தைக்கூட இரண்டு தடவை பார்த்துத்தான் நம்புவேன். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் ஒரே மகள் மாளவிகா ஸ்காட்லாந்தில் ஃபைஃப் என்கிற கடலோர மாவட்டத்துக்குப் படிக்கப் போனாள். அவள் அப்பா போனபின் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். தங்க இடம் கிடைக்காமல் இரண்டு வாரம் அலைந்து, கடைசியில் கடலைப் பார்த்த பழைய கல்வீட்டில் மாடி அறை கிடைத்தது. கேட்டதுமே சாவியைக் கொடுத்துவிட்டார்களாம், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புது வீடென்றால் பால் காய்ச்சாமல் எப்படி? கல்கத்தாவில், டாக்குரியா வீட்டில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் நான் சொல்லச் சொல்ல அவள் காய்ச்சினாள். இங்கே சாயந்திரம், அங்கே பட்டப்பகல். பால் பொங்கியபோது அவள் பின்னால், ஜன்னலோரம், நனைந்த கோட்டோடு ஒருவர் நின்றார். வீட்டுக்காரர் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"ஏண்டி, வீட்டுக்காரரை நிக்க வச்சுட்டு நீ மட்டும் குடிக்கிறே? அவருக்கும் ஒரு டம்ளர் குடு."

"தூர் மா!" என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள். "இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

"ஜன்னல் கிட்ட நிக்கிறாரே!"

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து, நான் கொடுத்தனுப்பிய இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஒன்றை நிரப்பி ஜன்னலில் வைத்தாள். "வாங்க, உக்காருங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று சிரித்தாள். லைன் கட்டாகிவிட்டது. மறுபடி கிடைத்தபோது ஜன்னலோரம் யாருமில்லை. டம்ளர் காலி.

அன்றிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் மேஜையில் இரண்டு டம்ளர். கேட்டால் "பழக்கமாயிடுச்சு மா" என்கிறாள். ஆள் பாதியாகிவிட்டாள். வீட்டை மாற்று என்றால் பேச்சை மாற்றுகிறாள். கொடுக்கச் சொன்னது நான்தானே.

போன வாரம் யாரிடமும் மூச்சுவிடாமல் டிக்கெட் எடுத்தேன், போய்க் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று. அன்று சாயந்திரம் கூப்பிட்டால் மேஜையில் மூன்று டம்ளர்.

"மூணாவது யாருக்குடி?"

அவளே விழித்தாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "தெரியல மா. உன் பேர் வெட்டியிருக்கே!"

என் கல்யாணச் சீர் டம்ளர் அது. அன்று காலையில் அதில்தான் காப்பி குடித்துவிட்டு, கழுவி மேடையில் கவிழ்த்திருந்தேன். சமையலறைக்கு ஓடினேன். கவிழ்த்த இடத்தில் வட்டமாக ஈரம் இருந்தது, டம்ளர் இல்லை.

துடைத்தேன். நம்பினால் நம்புங்கள், இன்று காலையிலும் அந்த இடம் ஈரமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை விமானம். போகாமல் எப்படி இருப்பேன், சொல்லுங்கள்?