பென்சில் எழும்பிய உயரம்

தொண்ணூறுகளில் வெள்ளறடைப் பக்கம், ரப்பர் தோட்டக்காரர்களின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஒருவரை ஒரே ஒரு முறை சந்தித்தேன். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தார். எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் அது காலியா என்று பார்ப்பார். பிறகு குழலை மேல்நோக்கிப் பிடித்து, அதற்குள் ஒரு பென்சிலைப் போட்டு விசையை இழுப்பார். உள்ளிருக்கும் ஊசி அடித்து பென்சில் எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் அவருடைய கணக்கு.

குறிசுடும் போட்டிக்கான என் மகனின் கைத்துப்பாக்கியில் பென்சில் விரலளவுகூட எழும்பவில்லை. விசை இலேசாவதற்காக யாரோ ஸ்பிரிங்கை வெட்டியிருந்தார்கள். அதனால் போட்டியில் இரண்டு குண்டுகள் வெடிக்காமல் அவன் தோற்றிருந்தான். அடுத்த வாரம் கடைசி வாய்ப்பு; குண்டும் வெடிக்கணும், விசையும் லேசாக இருக்கணும் என்று கேட்டு அவனையும் கூட்டிப் போயிருந்தேன்.

அவர் புது ஸ்பிரிங் போட்டார். இரும்பு உரசும் இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தார். விசையில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டார். போட்டி விதிப்படி அது தாங்கியது. பிறகு பென்சிலைப் போட்டு, குழலை மேல்நோக்கியபடியே என்னிடம் நீட்டினார். நான் இன்னும் இழுக்கவே தொடங்கவில்லை என்றுதான் நினைத்தேன். பென்சில் கூரை ஓட்டில் போய் இடித்தது.

"இவ்வளவு லேசா வேண்டாம். கொஞ்சம் கட்டியாக்க முடியுமா?" என்றேன்.

"அப்பா, எனக்கு வேண்டியது இதாக்கும்" என்றான் மகன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாரே, லேசாக்கணும்னு வந்தது நீங்களாக்கும். காட்டுப்பன்னி சுடுற வெடிக்காரன் ஒருத்தனும் இப்படி மாத்திச் சொன்னதில்ல. இது வெடிக்கணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

அந்த இரண்டு குண்டுகள் வெடிக்காதபோது, அவன் சுடுவதையே விரும்பாத நான் பார்வையாளர்களின் பின்வரிசையில் நிம்மதியாக மூச்சு விட்டதை அவர் எப்படி அறிந்தார் என்று இன்றும் விளங்கவில்லை.